தூசி என்று துடைத்த பந்து

பூதக்கண்ணாடி என்பது ஆபீசில் அவளுக்கு வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது. படத்தில் மயிரிழை அளவுக்குக் கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தப்பிவிட்டது என்று பிறகு தெரிந்தால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. இந்தக் குணம் வேலைக்கு நல்லது, சொந்தபந்தத்துக்கு ஆகாது. யார் வீட்டுக்குப் போனாலும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் எழுந்து போய் அவர்கள் டிவியின் செட்டிங்கைத் திறந்துவிடுவாள். "மனுஷங்க எல்லாம் மெழுகுல செஞ்ச மாதிரி வழவழன்னு இருக்காங்க. இதை எப்படித்தான் பாக்கறீங்க?" என்பாள். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் அக்காள் வீட்டில் முதலில் ரிமோட்டைத்தான் ஒளித்து வைப்பார்கள்.

பழைய படச்சுருள்களை எட்டு-கே என்கிற மிகக் கூர்மையான அளவில் ஸ்கேன் செய்து, கீறலும் தூசியும் நீக்கி, டிஸ்க்கில் போட்டு விற்கும் நிறுவனம் அது. நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிடக் கூடாது. சாம்பல் நிறச் சுவரோடு ஜன்னல் இல்லாத இரண்டு அறை, ஒரு குட்டி ஒலிப்பதிவு அறை, ஒரு சுவரை முழுக்க அடைத்துக்கொண்டு ஒரு திரை, எந்நேரமும் ஃபோனும் காதுமாக ஒரு முதலாளி. அவ்வளவுதான்.

"எல்லாம் இன்டர்நெட்லயே வருது. இனிமே டிஸ்க்கை யாரு வாங்குவா?" என்று அவளிடம் கேட்காத ஆள் கிடையாது. பதில் தயாராக இருக்கும்.

"இன்டர்நெட்ல வர்றது பெட்டியில அமுக்கித் திணிச்ச துணி மாதிரி. இடம் பத்தாதுன்னு சுருட்டி அனுப்பறாங்க. இங்க வந்து உதறினா சுருக்கம் போயிடுமா? டிவி இனிமே சுவர் அளவுக்கு வரப்போகுது. சுவர் அளவுக்கு வந்தா ஜனங்க எழுந்து கிட்டப் போய்ப் பாப்பாங்க. கிட்ட வந்து பாக்கறவங்களுக்கு முழுசா குடுக்கணும்ல? அதுக்குத்தான் டிஸ்க்."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் சந்தேகம் மருந்துக்கும் இருக்காது. கேட்டவர்கள் டிஸ்க் வாங்கினார்களோ இல்லையோ, வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளி எங்கிருந்தோ ஒரு டேபிள் டென்னிஸ் இறுதியாட்டத்தின் படச்சுருளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆவணப்படக்காரர்கள் வேகக் கேமரா வைத்து ஃபிலிமில் எடுத்தது. படத்தை முடிக்காமலே கைவிட்டதால் டப்பாவுக்குள்ளேயே கிடந்துவிட்டது. அதுவரை உலகம் பார்த்தது டிவிக்காரர்களின் வீடியோ டேப்பை மட்டும்தான். அதில் பந்து, பலகையில் இழுத்த சாக்பீஸ் தீற்றல் போலத்தான் தெரியும். அந்த ஆட்டத்தில் கோப்பையை வாங்கியது பூதக்கண்ணாடியின் அத்தை, அப்பாவின் கூடப் பிறந்தவள்.

அத்தை இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். 'சாம்பியன் டிரைவிங் ஸ்கூல்' என்று எல்லாக் கார்களின் கதவிலும் எழுதியிருக்கும். கிளட்சைப் பட்டென்று விடுகிறவர்களை அவள் திட்டும் திட்டு அடுத்த தெரு வரை கேட்கும். அவ்வளவு திட்டிலும் ஒருவரும் வேறு பள்ளிக்குப் போனதில்லை. "சாம்பியன் கிட்ட கத்துக்கிட்டேன்" என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருந்தது.

அந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தில் ஒரு வழக்கும் இருந்தது. அத்தைக்கு ஒரே ஒரு பாயிண்ட் கிடைத்தால் கோப்பை. எதிரே ஆடியவள் இடதுகைக்காரி. அத்தை வீட்டில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது. இடதுகைக்காரி ஓங்கி ஒரு ஸ்மாஷ் அடித்தாள். பந்து அத்தையின் பக்கத்து விளிம்பை உரசிக்கொண்டு போயிற்று. மேசையின் மேல் விளிம்பில் பட்டால் அடித்தவளுக்குப் பாயிண்ட். விளிம்புக்குக் கீழே பக்கவாட்டில் பட்டால் பாயிண்ட் இல்லை. நடுவர் பக்கவாட்டு என்றார். அத்தை ஜெயித்தாள். மேலே பட்டது என்று இடதுகைக்காரி அன்றைக்குச் சொன்னாள், அதற்குப் பிறகும் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். "பொய்க்காரி. தோத்ததை ஒத்துக்க மனசு வரலை" என்று அத்தையும் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள். அத்தைக்கு நாக்கு நீளம். குடும்பத்தில் எல்லோருக்கும் அது தெரியும். அவள் சொன்னதைச் சந்தேகப்பட மட்டும் யாருக்கும் தோன்றியதில்லை.

"இனிமே அவங்க வாயே திறக்க முடியாது, அத்தே. பந்து பக்கவாட்டுல பட்டதைச் சுவர் அளவுக்குக் காட்டறேன் பாருங்க" என்றாள் பூதக்கண்ணாடி. முதலாளிக்கும் குஷி. டிஸ்க்கின் அட்டையில் 'தீர்ப்பு எட்டு-கே-யில்' என்று போட்டுவிடலாம் என்றார். படம் ஓடும்போது கூடவே கேட்பதற்காக அத்தையின் பேச்சை முன்கூட்டியே தனியாக ஒலிப்பதிவு செய்தார்கள். கடைசிப் பந்து வரும் இடத்தில் அத்தை, "அவ அன்னைக்குச் சொன்னது பச்சைப் பொய். இப்ப நீங்களே பாக்கறீங்க" என்று மைக்கில் கணீரென்று சொன்னாள்.

படம் தயாரானதும் அத்தையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். அத்தை நல்ல புடவையில் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய இளமை சுவர் அளவுக்கு நின்றது. நெற்றி வியர்வை துளித்துளியாகத் தெரிந்தது. மட்டையின் ரப்பரில் இருந்த தேய்மானம் தெரிந்தது. "அடியே, என் புருவத்துல தழும்பு இருந்தது எனக்கே மறந்துபோச்சு" என்று அத்தை சிரித்தாள். கடைசிப் பாயிண்ட் வந்தது. இடதுகைக்காரி கையை ஓங்கினாள், அடித்தாள். அத்தை பாய்ந்தாள், வீசினாள். பிறகு மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குதித்தாள்.

பந்து மட்டும் இல்லை.

"பந்து எங்கடி?" என்றாள் அத்தை.

முதலாளி இருமினார். பூதக்கண்ணாடிக்கு விஷயம் அந்த நொடியே புரிந்தது, முகம் சூடாயிற்று. தூசி நீக்கும் மென்பொருள் ஒவ்வொரு ஃப்ரேமையும் முன்னதோடும் பின்னதோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு ஃப்ரேமில் மட்டும் இருந்து, அடுத்ததில் அந்த இடத்தில் இல்லாத வெள்ளைப் புள்ளியைத் தூசி என்று துடைத்துவிடும். மெதுவாகப் போன பந்துகளை விட்டுவைத்தது. ஸ்மாஷ் அடித்த பந்து ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தாவிப் போனதால் அதையும் தூசிக் கணக்கில் சேர்த்துவிட்டது. படம் பளிச்சென்று வர வேண்டும் என்று துடைக்கும் அளவைக் கடைசி மட்டத்துக்கு ஏற்றி வைத்தது வேறு யாருமல்ல, அவளேதான். துடைத்த பிறகும் கீறல் மிச்சமிருக்கிறதா என்று தேடினாளே தவிர, பந்து இருக்கிறதா என்று பார்க்கவில்லை. களை எடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கிய கதை.

"வெறும் காத்துல ரெண்டு பைத்தியம் மட்டையை வீசுது" என்றாள் அத்தை. முதலாளியே சிரித்துவிட்டார். பூதக்கண்ணாடியும் சிரித்தாள். "அசல் ஸ்கேன் பத்திரமா இருக்கு, அத்தே. பந்தைத் திருப்பிக் கொண்டுவந்துடறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் அசலைத் திறந்து, அந்தக் கடைசி அடியை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினாள். பந்து இருந்தது. வலையைத் தாண்டியது, இறங்கியது, விளிம்புக்கு வந்தது. விளிம்பில் வெள்ளைக்கோடு, பந்தும் வெள்ளை. வெள்ளையின் மேல் வெள்ளை என்பதால்தான் இத்தனை வருடமும் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இப்போது தெரிந்தது. கோட்டின் மேல் நகக்கண் அளவுக்கு ஒரு நிழல், அந்த நிழலின் மேல் பந்து. அடுத்த ஃப்ரேமில் பந்து கொஞ்சம் உயரத்தில் இருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் உயரத்தில். பக்கவாட்டில் பட்ட பந்து தரையைப் பார்த்து இறங்கும். மேலே பட்ட பந்துதான் எகிறும்.

வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள். பந்து ஒவ்வொரு தடவையும் எகிறத்தான் எகிறியது. கோப்பை போனால் போகட்டும் என்று அவளால் நினைக்க முடிந்தது. 'பச்சைப் பொய்' என்று கணீரென்று ஒலித்த அந்தக் குரலைத்தான் தாங்க முடியவில்லை. அந்த மைக்கை அத்தையின் முன்னால் வைத்தவள் அவள்.

முதலாளி வந்து பார்த்தார். அவருக்கும் புரிந்தது. கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"இது உனக்கும் எனக்கும்தான் தெரியும். நாலஞ்சு ஃப்ரேம்தானேம்மா. பந்தைக் கொஞ்சம் கீழே இறக்கி வரைஞ்சிடு. கிழிஞ்சுபோன ஃப்ரேமையெல்லாம் நீ வரைஞ்சு சேக்கறதில்லையா? உன் கைவேலையை யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. அத்தைக்கும் மானம் போகாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. தினமும் அவள் செய்கிற வேலைதான் அது. ஒரு மணி நேரம் போதும், முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். திரையில் வரைகிற பேனாவை அவள் கையில் எடுத்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எடுத்து, நுனியைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அத்தை மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை.

பிறகு கீழே வைத்தாள்.

"முடியாது சார். கிழிஞ்சது இருந்தா ஒட்டுவேன். இது கிழியலையே, முழுசா இருக்கு. கிட்டப் போய்ப் பாருங்க, கிட்டப் போய்ப் பாருங்கன்னு ஊரைக் கூப்பிட்டுட்டு, கிட்ட வர்றவங்க கண்ணுல நானே மண்ணைத் தூவவா? அப்புறம் இந்த எட்டு-கே எதுக்கு, இந்த டிஸ்க் எதுக்கு? பழைய டேப்பே போதுமே."

"அத்தை கிட்ட யாரு சொல்றது?"

"நான்தான்."

சொல்வதற்கு அவசியமே வரவில்லை. அத்தை அன்று சாயங்காலம் கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். பூதக்கண்ணாடி அசலை ஓட்டினாள். பந்து விளிம்பில் பட்டது, எழுந்தது. அத்தையின் கையில் சாவி நின்றது.

"திரும்பப் போடு."

போட்டாள்.

"மெதுவா."

மெதுவாகப் போட்டாள். அத்தை எழுந்து திரைக்கு அருகே போய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டாள். அவள் ஆட்டக்காரி. நிழல், வெளிச்சம் என்று யாரும் அவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மேல எழும்புது" என்றாள்.

"ஆமா அத்தே."

"நான் பாக்கலைடி. சத்தியமா பாக்கலை. நடுவர் கையைத் தூக்கினார், நான் குதிச்சேன்." குரல் உடைந்தது. "நான் பாக்கலை. ஆனா அவ பாத்திருக்கா. பாத்ததைச் சொன்னவளை இத்தனை வருஷமா பொய்க்காரி, பொய்க்காரின்னு…"

பூதக்கண்ணாடி எழுந்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி ரொம்ப மரியாதையாக, வேண்டுமானால் இந்த டிஸ்க்கையே வெளியிடாமல் விட்டுவிடலாம் என்றார். அத்தை திரும்பி அவரை முறைத்த முறைப்பில், கிளட்சைப் பட்டென்று விட்டவர் போல அவர் பின்வாங்கினார்.

"அதெல்லாம் வெளிய வரட்டும். இருக்கிறபடியே வரட்டும். நான் பேசினதை மட்டும் அழிச்சிடு. திரும்பப் பேசறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தனியா இல்லை. அவளையும் கூப்பிடணும். நம்பர் கண்டுபிடிச்சுக் குடு."

நம்பர் கிடைத்தது. ஃபோனில் அத்தை ரொம்பப் பேசவில்லை, "ஒரு தடவை வந்து பாரு" என்று மட்டும் சொன்னாள். வருகிறேன் என்று பதில் வந்தது.

இடதுகைக்காரி வந்தாள். நரைத்த தலை, குட்டையாக வெட்டிய முடி, சின்னக் கைப்பை. மருந்துக்கடை வைத்திருக்கிறாளாம். ஒலிப்பதிவு அறையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலி, இரண்டு மைக், எதிரே ஒரு திரை. இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பூதக்கண்ணாடி கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து படத்தை ஓட்டினாள், பதிவையும் தொடங்கினாள்.

முதலில் வேண்டாவெறுப்பாகப் பேசினார்கள். போகப் போக ஆட்டம் இழுத்துக்கொண்டது. "இந்த சர்வீஸை நீ எங்க கத்துக்கிட்ட? எனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடலை" என்றாள் இடதுகைக்காரி. "அது தப்பா விழுந்த சர்வீஸ். நான் வேணும்னே போட்ட மாதிரி முகத்தை வச்சுக்கிட்டேன்" என்றாள் அத்தை. இருவரும் சிரித்தார்கள். கடைசிப் பாயிண்ட் வந்தது. பந்து விளிம்பில் பட்ட ஃப்ரேமில் பூதக்கண்ணாடி படத்தை நிறுத்தினாள். வெள்ளைக்கோடு, நிழல், பந்து.

இடதுகைக்காரி ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அத்தை அவள் பக்கம் திரும்பினாள். "நீ சொன்னதுதான் நிஜம். நான்தான் உன்னைப் பொய்க்காரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அந்தக் கோப்பை உன்னோடது. நாளைக்கே உன் வீட்டுக்குக் கொண்டுவந்து வைக்கறேன்."

"எதுக்கு?" என்றாள் இடதுகைக்காரி. "இந்தப் பாயிண்ட் எனக்கு வந்திருந்தா ரெண்டு பேரும் சமம், அவ்வளவுதான். அதுக்கப்புறம் நீயும் ஜெயிச்சிருக்கலாம், நானும் ஜெயிச்சிருக்கலாம். நான் ஜெயிச்சேன்னு யார்கிட்டயாவது சொன்னேனா? பந்து பட்டுச்சுன்னுதான் சொன்னேன். அதை ஒருத்தராவது நம்பினா போதும்னு இருந்துச்சு."

அத்தை வாயைத் திறந்தாள். குடும்பத்திலேயே நீளமான அந்த நாக்கு, "பட்டுச்சு" என்று மட்டும் சொன்னது. முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். இடதுகைக்காரி தன் மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முதலாளி, போதும், நிறுத்து என்று கையைக் காட்டினார். பூதக்கண்ணாடி பதிவை நிறுத்தவில்லை.