அடம்பன் வேம்பு

உளி கிறீச்சிட்டுக் கத்தியது. முஸ்பிரா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சுவிட்சைத் தட்டினாள். கடைச்சல் மெசின் உறுமி உறுமி ஓய்ந்தது. கிண்ணமாகத் திரண்டு வந்துகொண்டிருந்த வேப்பங்கட்டையின் நடுவில் செம்மஞ்சளாய் ஒரு பொட்டு மினுங்கியது.

"முஸீபத்து!" என்றாள். "மரத்துக்குள்ள ஆணி அடிச்சு வைச்சிருக்கிறான், நாசமாப் போவான்."

ஆணியாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு அடுத்த கட்டையை எடுத்திருப்பாள். கோடரியால் பிளந்து பார்த்தபோது துப்பாக்கியால் சுட்ட குண்டு, ஒரு துவக்குச் சன்னம், காலடியில் விழுந்தது. மேலே செப்புத் தோல், உள்ளே ஈயம். அதே அடிமரத்தில் அறுத்து அடுக்கியிருந்த மற்றக் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிளந்தாள். அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது பால்மாப் பேணியின் மூடியில் ஐந்து சன்னங்கள் கிடந்தன. கொட்டில் முழுக்க விறகு.

முற்றத்தில் வலை தைத்துக்கொண்டிருந்த புருஷன் றுஸ்தி எட்டிப் பார்த்து, "என்ன, கலியாணச் சமையலோ? இவ்வளவு விறகு?" என்று பகிடி விட்டான். அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டு வலைக்குத் திரும்பினான். அந்த மனுஷன் கடலுக்குப் பயப்படமாட்டான், முஸ்பிராவுக்குப் பயப்படுவான்.

தாராபுரத்தில் மரம் கடைகிற பொம்பிளை அவள் ஒருத்திதான். பம்பரம், சுறுமாச் சிமிழ், மூடி போட்ட பெட்டி, கிண்ணம் என்று வீட்டுப் பின்கொட்டிலில் இருந்தே எல்லாம் செய்வாள். அடம்பன் ஊரில் வாங்கிவந்த பாழாய்ப்போன இந்த வேம்பின் மேல்பாதியில், போன மாதம் பதினொரு கிலுகிலுப்பை கடைந்திருந்தாள். பதினொன்றும் பதினொரு கைக்குழந்தைகளின் வீட்டுக்குப் போயிருந்தன. பல் முளைக்கிற பிள்ளைகள் கடிக்கட்டும், வேம்பு வயிற்றுக்கு நல்லது, பூச்சி அண்டாது என்று அவளே வாசலுக்கு வாசல் நின்று சொல்லிக் கொடுத்தவள்.

இப்போது அதுதான் நெஞ்சை அடைத்தது. செம்பில் பட்டால் உளி கத்தும். தோல் கழன்ற ஈயத்தில் பட்டால் சத்தமே வராது. மேலால் வழித்துக்கொண்டு போகும், மிச்சம் கைபிடிக்குள் கிடக்கும். அதற்குமேல் தேன்மெழுகைப் பூசித் துடைத்துவிட்டால் கடைந்தவளுக்கே தெரியாது. ஈயம் பிள்ளைகளின் மூளையைத் தின்னும் என்று கிளினிக் சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்.

அந்த மரத்துக்குள் மொத்தம் எத்தனை சன்னம் போனது? ஐந்துதான் என்றால் ஐந்தும் கையில் இருக்கிறது, பயமில்லை. ஆறு என்றால் ஒன்று ஏதோ ஒரு பிள்ளையின் வாயில் இருக்கிறது.

அன்று பின்னேரமே பர்தாவைப் போட்டுக்கொண்டு வீடுவீடாய்ப் போனாள். மெழுகு சரியில்லை, புதிதாய்ச் செய்து தருகிறேன் என்று சொல்லி எட்டை வாங்கிவிட்டாள். எட்டையும் கொண்டுவந்து பிளந்தாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை. ஒன்பதாவது, பாலத்தைக் கடக்கும்போது பஸ் யன்னலால் கடலுக்குள் போய்விட்டதாம், அதற்குக் கவலையில்லை. பத்தாவது, தாயோடும் பிள்ளையோடும் கற்பிட்டிக்குப் போயிருந்தது. போனை எடுக்கிறாள் இல்லை. பதினோராவதுதான் நசீறாவின் வீட்டில்.

நசீறாவைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது, வாய்க்கு வாய் முஸ்பிராவுக்குச் சரியான சோடி.

"போன மாசம் மருந்து மருந்தெண்டு தந்தீங்க ராத்தா. இந்த மாசம் மெழுகு சரியில்லையோ? ஆர் கூடக் காசு தாறனெண்டது?"

"விசர்க் கதை கதைக்காத. தா அதை."

"தரமாட்டன். என்ர பிள்ளை அது இல்லாம நித்திரை கொள்ளான்."

பிள்ளை தாயின் இடுப்பில் இருந்துகொண்டு, கிலுகிலுப்பையின் கைபிடியைக் கடைவாயில் வைத்து நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. எச்சில் வழிந்து நெஞ்செல்லாம் ஈரம். முஸ்பிராவால் பொறுக்க முடியவில்லை. எட்டிப் பறித்தாள். பிள்ளை வீரிட்டது. நசீறா அவள் மணிக்கட்டைத் திருகி, கிலுகிலுப்பையைத் திரும்பப் பறித்துக்கொண்டாள்.

"பாலன்ர கையில பறிக்கிறியே, நீயும் ஒரு பொம்பிளையா? போ வெளியில!" என்று அவள் போட்ட கூச்சலில் ஒழுங்கையே கூடிவிட்டது.

உன் பிள்ளையின் வாயில் ஈயம் இருக்கலாம் என்று முஸ்பிரா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாங்களாயிருந்தால் சொல்லியிருப்போம் என்று இருந்த இடத்தில் இருந்துகொண்டு சொல்வது லேசு. சொன்ன அடுத்த நிமிடம் தாராபுரத்தில் ஒரு பூனைகூட அவள் கடைந்த கிண்ணத்தில் வாய் வைக்காது. பத்து வருடமாக ஊர் வாயை அடைத்து அடைத்து எழுப்பிய பெயர். ஐந்துதான் என்று தெரிந்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அதை அறிந்தவன் அடம்பனில் இருந்தான்.

விடிந்ததும் ஐந்து சன்னத்தையும் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். வழியெல்லாம் மரம் விற்ற நவரத்தினத்தை மனதுக்குள் வைத்து வறுத்தெடுத்தாள்.

மரம் வாங்கப் போன அன்று அவள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. அந்தப் பக்கத்து மரங்களில் ஷெல் துண்டு இருக்கும் என்று யாருக்குத்தான் தெரியாது? வாள் பல்லு உடைகிறது என்று மரக்காலைக்காரர்களே வாங்கமாட்டார்கள். அதனால் பழைய லவுட்ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கொண்டுபோய், தறித்துக் கிடந்த வேம்பின் மேல் அங்குலம் அங்குலமாய் வைத்துப் பார்த்தாள். காந்தம் எங்கும் பிடிக்கவில்லை. பிறகும் விடாமல், "ஷெல்லடி பட்ட மரமோ ஐயா?" என்று கேட்டாள். அந்த மனுஷன் திருக்கேதீச்சரக் கோயில் இருக்கும் பக்கம் கையைக் காட்டி, "கேதீச்சரத்தானாணை, இதில ஒரு ஷெல் துண்டும் இல்லைப் பிள்ளை" என்றார்.

காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், செம்பும் ஈயமும் அதற்கு ஒரு பொருட்டில்லை. இது முஸ்பிராவுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். ஆனால் வாயில் வந்தது ஷெல், பயந்தது ஷெல்லுக்கு, கேட்டதும் ஷெல்லைத்தான். தன்னிலும் பிழை இருக்கிறது என்ற நினைப்பு வர வர, நவரத்தினத்தின் மேல் கோபம் இரண்டு மடங்காகியது.

நவரத்தினம் முற்றத்தில் சாக்கு விரித்து நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். எழுபதை எட்டிய, எலும்பும் தோலுமான மனுஷன். படலையைத் திறந்தவளைக் கண்டதும் முகம் கறுத்தது.

"ஷெல் இல்லையெண்டு சத்தியம் செய்தனீங்கள் என்ன? இதென்ன இது?" கைலேஞ்சியை அவிழ்த்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

அவர் பார்த்தார். பார்த்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மெல்லக் கதையும் பிள்ளை. மனிசி உள்ளுக்கை."

"ஏன் மெல்லக் கதைக்க? நான் களவெடுத்தனானோ? ஊரெல்லாம் கைக்குழந்தையள் அந்த மரத்தைச் சப்பிக்கொண்டு இருக்குதுகள்!"

"நான் பொய்ச் சத்தியம் செய்யேல்லை. ஷெல் இல்லையெண்டுதான் சொன்னனான். இது ஷெல்லோ?"

அடேயப்பா! அந்தக் கதையைக் கேட்டதும் முஸ்பிராவுக்கு உச்சியில் ஏறிவிட்டது. "கடைஞ்செடுத்த பொய்யன்! பத்து வருசமா மரம் கடையிறன், இப்பிடிக் கடைஞ்செடுத்த ஒருத்தரை நான் காணேல்லை!"

"வாயை அடக்கும்! உங்கட ஆக்களே இப்பிடித்தான். பாத்து, தட்டி, தடவி வாங்கிக்கொண்டு போறது. பிறகு படலையில வந்து நிண்டு கத்துறது."

"எங்கட ஆக்களை இழுக்காதேங்கோ. உங்கட ஒரு வாய்க்கு நான் மட்டும் காணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். இந்த மரத்துக்கு எத்தனை வெடி பட்டது? எண்ணிக்கையைச் சொல்லுங்கோ, போறன்."

"எனக்குத் தெரியாது."

"உங்கட வளவு மரம். உங்களுக்குத் தெரியாதோ?"

"வேற மரம் தாறன். கிணத்தடிப் பூவரசு நிக்குது, தறிச்சுக்கொண்டு போம். இப்ப வெளிக்கிடும்."

ஆள் படலைப் பக்கம் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். கோபம் என்றுதான் முஸ்பிரா நினைத்தாள். மரத்தைக் காட்டி வாயடைக்கப் பார்க்கிறான், எத்தனை என்று தெரிந்துகொண்டே மறைக்கிறான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. கைலேஞ்சியை அப்படியே உதறினாள். சன்னங்கள் சீமெந்து வாசலில் விழுந்து, கிணுங்கி, ஆளுக்கொரு பக்கமாய் உருண்டன.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து கனகம்மா வந்தாள். நவரத்தினத்தின் மனைவி. கண் ஒப்பரேசன் செய்து இரண்டு மாதமாகியும் பார்வை தெளியவில்லை போலும், பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். வாசற்படியில் குந்தி, சீமெந்தைக் கையால் தடவித் தடவி ஒரு சன்னத்தை எடுத்தாள். விரலுக்குள் வைத்து உருட்டினாள்.

"இது எங்கால?" என்றாள்.

"நீ உள்ளுக்குப் போ" என்றார் நவரத்தினம்.

"உங்கட வேம்புக்குள்ளால வந்ததம்மா" என்றாள் முஸ்பிரா. "உங்கட மனிசர் எனக்கு வித்தவர்."

கனகம்மா முகத்தைப் புருஷன் நின்ற பக்கம் திருப்பினாள். "காத்துக்கு விழுந்ததெண்டு சொன்னியள்."

அவர் குனிந்து நெல்லைக் கிளறத் தொடங்கினார்.

"நான் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆசுப்பத்திரியில கிடக்கேக்க தறிச்சனீங்கள்."

"ஓம், தறிச்சனான்!" நவரத்தினம் வெடித்தார். "தறிச்சனான்தான்! பதினெட்டு வருசமா இந்த வாசலில குந்தி அதையே பாத்துக்கொண்டிருக்கிறாய். உன்னை நான் எத்தனை வருசம் பாத்துக்கொண்டிருக்கிறது? கண் தெளிஞ்சு வந்து திரும்பவும் அதைத்தானே பாப்பாய்!"

இது புருஷன் பெண்சாதிச் சண்டை, அவர்கள் ஆறுதலாகப் பிடிக்கட்டும் என்று முஸ்பிராவுக்குத் தோன்றியது. அவள் கண்ணுக்குள் நசீறாவின் பிள்ளையின் எச்சில் வாய்தான் நின்றது. இவ்வளவு தூரம் வந்து வெறுங்கையோடு திரும்ப முடியாது.

"அம்மா, நீங்கள் எண்டாலும் சொல்லுங்கோ. மரத்தில எத்தனை வெடி பட்டது? எனக்கு எண்ணிக்கைதான் வேணும்."

"ஏழு" என்றாள் கனகம்மா, யோசிக்காமலே.

முஸ்பிரா விரல் மடித்து எண்ணினாள். ஏழில் ஐந்து போக இரண்டு. கற்பிட்டியில் ஒரு கிலுகிலுப்பை, நசீறாவின் வீட்டில் ஒரு கிலுகிலுப்பை. யா அல்லாஹ், எவ்வளவு கச்சிதமாய்ப் பொருந்துகிறது!

"ஏழோ? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஏழெண்டு எப்பிடித் தெரியும்?"

"அடுப்படியில நிண்டு எண்ணினனான். ஏழு சத்தம்."

"அப்ப மற்ற ரெண்டும் எங்க?" கத்தியே விட்டாள். "இஞ்ச அஞ்சுதான் இருக்கு! மற்ற ரெண்டும் மரத்துக்குள்ளதானே இருக்கோணும்?"

"நிப்பாட்டடி!" என்று நவரத்தினம் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். கனகம்மா கையைக் காட்டி அவரை மறித்தாள். கறுப்புக் கண்ணாடிக்குள் அவள் எங்கே பார்க்கிறாள் என்று தெரியவில்லை. குரல் மட்டும் கரகரவென்று வந்தது.

"துஷாந்தன் எண்டு எனக்கொரு மகன். பத்தொன்பது வயசு. முகத்தை மூடிக்கொண்டு வந்தவங்கள், அந்த வேம்போட நிப்பாட்டிச் சுட்டவங்கள். ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. அஞ்சு அவனைத் துளைச்சுக்கொண்டு மரத்துக்கை போச்சு. ரெண்டு அவனுக்குள்ளயே நிண்டிட்டுது. ஆசுப்பத்திரியில வெட்டிப் பாத்தவை ரெண்டெண்டு எழுதித் தந்தவை. கடதாசி அலுமாரிக்கை கிடக்கு."

ஐந்தும் இரண்டும் ஏழு. மரத்தில் ஐந்துதான். ஐந்தும் எடுத்தாயிற்று. நசீறாவின் பிள்ளை கடிப்பது வெறும் வேம்பு.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் முஸ்பிரா.

நெஞ்சில் கையை வைத்து, வாய் நிறைய, அல்லாஹ்வுக்குச் சொல்லும் அந்த நன்றியை முற்றம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். சுகப்பிரசவம் என்று தாதி வந்து சொன்னால் எப்படிச் சொல்வார்களோ அப்படி. சொல்லி முடித்த பிறகுதான் அது அவளுடைய காதில் விழுந்தது. நாக்கைக் கடித்தாள். கடித்து என்ன செய்ய, வந்த சொல் வந்ததுதான்.

நவரத்தினம் ஓங்கிய கையைக் கீழே போட்டுவிட்டு, அவளை ஒரு புழுவைப் பார்ப்பதுபோல் பார்த்தார். கனகம்மா சீமெந்தைத் தடவிக்கொண்டே போய் மிச்ச நாலையும் தேடி எடுத்தாள். ஒன்று நெல்லுக்குள் போயிருந்தது. அதையும் விடவில்லை. ஐந்தையும் உள்ளங்கையில் சேர்த்து மூடிக்கொண்டு எழுந்தாள்.

"இப்ப கணக்குச் சரியோ, பிள்ளை?" என்றாள்.

ஊரில் எவருக்கும் பதில் கொடுக்காமல் விட்டதில்லை முஸ்பிரா. இப்போது வெறும் கைலேஞ்சியை மடித்தாள். மன்னியுங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள், அதே வாயால் அதைச் சொல்ல வெட்கமாயிருந்தது.

"சரியெண்டா வெளிக்கிடு" என்றாள் கனகம்மா. "போகேக்கை படலையைச் சாத்திப்போட்டுப் போ. நெல்லுக்கு மாடு வரும்."