பெரிய வெள்ளியில் ஒரு செய்முறைப் பரீட்சை

அறிவித்தல் பலகையில் திகதியைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறுதிச் செய்முறைப் பரீட்சை, பெரிய வெள்ளி, பின்னேரம் இரண்டு மணி. ஆண்டவர் சிலுவையில் மரித்த நாள்; நாட்டுக்கே விடுமுறை. வேலைநிறுத்தத்தால் பிந்திய பரீட்சைக்கு வேறு நாள் கிடைக்கவில்லையாம். முப்பத்தெட்டுப் பேரில் கத்தோலிக்கப் பிள்ளை நான் ஒருத்திதான். அந்த ஒருத்தி திகதி குறித்தவர்கள் கண்ணுக்கு ஆளாகவே தெரியவில்லை.

நேரே ஆய்வுகூடத்துக்குப் போய் ஹஸ்மி சேரிடம் கேட்டேன். கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவர்.

"எங்கட பெருநாளைக்கு வச்சிருந்தா நான் உட்டிருப்பனா புள்ள? கூட்டத்துல எல்லாரும் உங்கட பேணாட் சேரைத்தான் பாத்தாங்க. அவரே பிரச்சின இல்லண்டு சொல்லிட்டாரு."

பேணாட் சேரும் எங்கள் துறை விரிவுரையாளர்தான்; எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர். ஞாயிறு தோறும் குருவானவருக்குப் பக்கத்தில் நின்று எனக்கு நற்கருணை தருகிறவர். அவருடைய அறைக்குப் போனேன். கதிரையைக் காட்டினார். நான் இருக்கவில்லை.

"சேர், நீங்கள் ஏன் ஓமெண்டு சொன்னனீங்கள்?"

"கம்பசுக்குள்ள சமயத்தைக் கொண்டுவந்தா பிறகு வீண் கதை வரும், ஜெனிதா. ஆண்டவர் மனசைத்தான் பாப்பார். வந்து சோதினையைச் செய்யுங்கோ. விட்டா அடுத்த வருசம்தான். கிளாசும் கிடைக்காது."

"அப்ப நீங்களும் அண்டைக்கு வருவீங்களோ?"

மேசையில் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினார்.

"எனக்குக் கோயில்ல வேலை இருக்கு. சோதினையை ஹஸ்மி சேரிட்டப் பாரம் குடுத்திட்டன்."

எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டார்! அவருடைய பக்திக்கு விடுப்பு, என்னுடைய பக்திக்குப் புத்திமதி. நான்கு வருடம் உயிரைக் கொடுத்துப் படித்திருக்கிறேன். முதல் வகுப்புக்கு இந்த ஒரு பரீட்சைதான் மிச்சம். "செய்துபோட்டு வா, மாதா கோவிக்க மாட்டா" என்று அம்மாவும் சொன்னா. இரண்டு நாள் அம்மாவோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி தாண்டியபோது நான் பாலையூற்றுக் கோயிலில், சிலுவையை முத்தமிடும் வரிசையில் வெறுங்காலோடு நின்றேன். ஆய்வுகூடத்தில் என் நுணுக்குக்காட்டிக்கு முன்னால் யாரும் இருக்கமாட்டார்கள். வரிசை நகர்ந்தது. வெள்ளை அங்கியோடு சிலுவையை நீட்டிக்கொண்டு நின்றவர் பேணாட் சேர். என்னைக் கண்டதும் குனிந்து, ஒவ்வொரு முத்தத்துக்குப் பிறகும் துடைக்கிற துணியால் சிலுவையிலிருந்த ஆண்டவரின் பாதத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். நான் முழந்தாளிடவில்லை. அவர் நிமிரட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பின்னால் சனம் வாசல் தாண்டி வெயிலில் நின்றது. அவர் துடைத்துக்கொண்டேயிருந்தார்.