தண்ணீர் வராத ஒன்பது நாள்

ஜூலையில் மரக்கன்று, செப்டம்பரில் விதைப் பொட்டலம், டிசம்பரில் விநாடி வினா, ஜனவரியில் காய்கறிக் கண்காட்சி. லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் எங்கள் இளைஞர் தோட்ட மன்றத்தின் ஆண்டு இவ்வளவுதான். இருபத்தொரு வயதுவரை போட்டியிடலாம். 2006 எனக்குக் கடைசி ஜனவரி.

அன்று காலை என் பச்சைக் கத்தரிக்காய்த் தட்டுக்கு முன்னால் பெயர் அட்டை இல்லை. அது செயலாளர் அனந்தகிருஷ்ணன் மாமாவின் சட்டைப் பையில் இருந்தது.

"என்ன மாமா, என் பேரு உங்க பாக்கெட்ல தூங்குது?"

"கோச்சுக்காதே ஹம்சா. படிக்கிற பசங்க பேருதான் இருக்கணும்னு கமிட்டில சொல்றாங்க. நீ காலேஜை விட்டுட்டே. ராத்திரி பூரா கால் சென்டர். சின்னப் பசங்க பாக்குறாங்கல்ல? தங்கச்சி வர்ஷினி பேர்ல வச்சுடு."

"செடி இருக்குற மொட்டை மாடிக்கு வர்ஷினி வர்றதே பட்டம் பாக்கத்தான். விதியில வயசு மட்டும்தான் இருக்கு, படிப்பு இல்ல. நக்கோ மாமா, வேணாம்."

அட்டை வெளியே வரவில்லை.

இங்கே காய்க்குப் பாதி மதிப்பெண், நாட்குறிப்புக்குப் பாதி. ஊற்றிய தண்ணீரை அன்றன்றே எழுத வேண்டும். ஆனால் கண்காட்சிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து ஒரே பேனாவில் நான்கு மாதத்தையும் நிரப்புவதுதான் குடியிருப்பு வழக்கம். நான் காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்ததும் செடியைப் பார்த்து, எழுதிவிட்டுத்தான் படுப்பேன். தூக்கக் கலக்கத்தில் கோணல் எழுத்து.

நடுவராக வந்த நஸ்ரின் மேடம் தார்நாகாவில் ஓர் ஆய்வகத்தில் விஞ்ஞானி, மதுரைக்காரர். மாமாவின் மகன் ஸ்ரீகாந்தின் நோட்டை முதலில் எடுத்தார். அக்டோபர் முழுக்கத் தினம் இரண்டு வாளி. பிறகு என் நோட்டு. 'அக்டோபர் 12: குழாய் உடைந்தது, தண்ணீர் இல்லை.' இருபதாம் தேதிவரை அதே வரி. 'நான்கு செடி செத்தது.'

மேடம் திரும்பிப் போய் மற்ற பத்து நோட்டுகளையும் புரட்டினார். பத்துப் பேரும் அந்த ஒன்பது நாளும் ஊற்றியிருந்தார்கள்.

"ஏன் தம்பி, எல்லாருக்கும் ஒரே குழாய்தானே?"

"ஹவ் மேடம், ஒரே குழாய்தான்," என்ற ஸ்ரீகாந்த் அப்பாவைப் பார்த்தான்.

"இந்தத் தட்டு யாருது? பேரைக் காணோமே?"

"வர்ஷினின்னு ஒரு பொண்ணு மேடம், டென்த் படிக்குது," என்றார் மாமா அவசரமாக.

"என்னுது. ஹம்சா. படிக்கல. நைட் ஷிஃப்ட்."

மேடம் மாமாவிடம் கை நீட்டினார். "அட்டையைக் குடுங்க. முதல் பரிசு இதுக்குத்தான்."

"கமிட்டி ஒத்துக்காது மேடம். வர்ஷினின்னா இப்பவே குடுத்துடலாம்." என் பக்கம் குனிந்தார். "கப் உங்க வீட்டுக்குத்தானேம்மா வரும்?"

"வேணாம்."

"அப்ப யாருக்கும் இல்லை," என்று மேடம் தாளில் முதல் பரிசுக் கட்டத்தைக் குறுக்கே அடித்தார்.

மாமாவின் முகம் போன போக்கைப் பார்க்க நான் நிற்கவில்லை. பதிவு மேசையில் கிடந்த தடிமனான மார்க்கரை எடுத்துவந்து, பதினோரு காயிலும் என் பெயரை எழுதினேன். பிறகு தட்டுக்குப் பின்னால் போய் நின்றேன். தூக்கம் கண்ணைச் சுழற்றியது. சாயங்காலம் மூடும்வரை நகரவில்லை. சின்னப் பிள்ளைகள் கூட்டமாக வந்து ஒவ்வொரு காயாகச் சத்தம் போட்டு வாசித்தார்கள்.

மாமா ஒரு காயை எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"போகாதா இது?"

"கழுவிப் பாருங்க மாமா."