சுவரின் இரு பக்கமும் பதினொரு ஓம்

மாலை நாலு பத்து. பாளையம்பட்டி. முஸாஃபர் வீட்டு அடுப்படியில் டப் என்று ஒரு சத்தம்.

ஃபேன் நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. ரியாத்திலிருந்து நேற்று வந்து இறங்கிய மின்சாரக் கெட்டில் மட்டும் புஸ்ஸென்று ஆவி விட்டது.

"எனக்குத் தெரியும்," என்றாள் நர்கிஸ், அவன் மனைவி. "நல்லதை உங்க அக்காவுக்குக் குடுத்துட்டு ஓட்டையை எனக்குத் தள்ளிட்டீங்க."

முஸாஃபருக்கு வியர்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்கா ஷர்மிளா பானுவின் வீடு. ஒரே வீட்டை நடுவில் மறித்தது. மின் இணைப்பு ஒன்றே. போர்வெல் மோட்டாரை யார் முதலில் போடுவது என்று ஆரம்பித்த சண்டையில் நாத்தனாரும் நர்கிஸும் பேசி எட்டு மாதம் ஆகிறது. அதனாலேயே அவன் பெட்டியில் எல்லாம் இரண்டிரண்டாக வரும். ஒரே நிறப் போர்வை இரண்டு. ஒரே எடைப் பேரீச்சை இரண்டு. ஒரே கெட்டில் இரண்டு.

அக்கா இன்னும் தன்னுடையதைப் போடவில்லை. ஐந்து மணிக்கு மகளிர் குழுவிலிருந்து ஐந்து பேர் வருகிறார்கள். அவர்கள் கண்முன்னால்தான் திறப்பு விழா.

ஒன்று ஓடி ஒன்று ஓடாவிட்டால், ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட் ஏறும்வரை அவனுக்கு எந்தப் பக்கமும் சோறு கிடையாது.

இன்னும் ஐம்பது நிமிடம்.

எலக்ட்ரீசியன் விஜயபாண்டி மொபெட்டில் வந்தான். ஃபியூஸைப் பார்த்தான். கெட்டிலைக் கவிழ்த்து அடியில் இருந்ததைப் படித்தான்.

"பாய், இது நூத்திப்பத்து வோல்ட்டு கெட்டிலு. எங்க வாங்குனீக?"

"பழைய சாமான் சந்தையில. விலை சல்லிசா இருந்துச்சு."

"தட்டைப் பின்னு இருக்கே, அதைப் பாத்துமா சந்தேகம் வரல?"

"அதுக்குத்தான் ரெண்டு அடாப்டர் வாங்கியாந்தேன்."

விஜயபாண்டி காதிலிருந்த பென்சிலை எடுத்து அட்டைப்பெட்டியில் எழுதினான்.

"ஆயிரத்து நூறு வாட்ஸ். நூத்திப்பத்தால வகுத்தா பத்து ஆம்பியர். அந்த ஊர்ல இது இழுக்குற கரண்டு. இப்ப வோல்ட்டை ஆம்பியரால வகுங்க. நூத்திப்பத்துக்குப் பத்து?"

"பதினொண்ணு."

"பதினொரு ஓம். கெட்டிலுக்குள்ள சூடாகுற கம்பியோட தடை. ரியாத்தோ பாளையம்பட்டியோ, அது கிட்டத்தட்ட அதேதான். ஆனா நம்ம லைன்ல இருநூத்தி இருபது. பதினொண்ணால வகுத்தா இருபது ஆம்பியர். இருநூத்தி இருபதை இருபதால பெருக்குனா?"

முஸாஃபர் போனில் தட்டினான். "நாலாயிரத்து நானூறு. ஏலே, வோல்ட்டு ரெண்டு மடங்குதானே?"

"வோல்ட்டும் ரெண்டு மடங்கு, கரண்டும் ரெண்டு மடங்கு. பவரு நாலு மடங்கு. ஃபியூஸ் போகலைன்னா கெட்டில் போயிருக்கும்."

"வழி?"

"வோல்ட்டைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. மதுரையில சொல்லி வைக்கணும். நாலு நாள் ஆகும்." அட்டைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அச்சு அசலா இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா இப்பவே முடிச்சிரலாம்."

முஸாஃபர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தான்.

"என் பெட்டியில எதுவும் ஒத்தையா வராதுப்பா."

நாலு ஐம்பது. புது ஃபியூஸ் போட்டாயிற்று. அடுப்படி ஜன்னல் வழியே அந்தப் பக்கம் கனமான ஒயர் போயிற்று. இரண்டு கெட்டிலும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில். பதினொண்ணும் பதினொண்ணும் இருபத்திரண்டு ஓம். இருநூத்தி இருபதை வகுத்தால் பத்து ஆம்பியர். ஆளுக்கு நூத்திப்பத்து வோல்ட்டு, ஆளுக்கு ஆயிரத்து நூறு வாட்ஸ். குண்டுமணி அளவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றான் விஜயபாண்டி. "ரெண்டும் ஆன்ல இருந்தாத்தான் ரெண்டும் ஓடும். யாருது முதல்ல கொதிச்சு ஆஃப் ஆனாலும் அடுத்ததும் நின்னுரும். ரெண்டுலயும் ஒரே அளவு தண்ணி இருக்கணும்."

முஸாஃபர் இரண்டு பக்கமும் ஓடிச் சொன்னான்.

ஐந்து மணி. மகளிர் குழு வந்து உட்கார்ந்தது. ஷர்மிளா பானு ஆறு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அமுக்கினாள். கெட்டிலில் விளக்கு எரியவில்லை.

இந்தப் பக்கம் நர்கிஸ் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவசரமே இல்லாமல் ஒரு டம்ளர் ஊற்றினாள். அமுக்கினாள். இரண்டு விளக்கும் எரிந்தன. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவளுடையது கொதித்து டக்கென்று அணைந்தது. இரண்டும் செத்தன.

"எனக்கு ஒரு டம்ளர் போதும்," என்றாள் கணவனிடம், அந்தப் பக்கம் கேட்கும்படி.

"ஃபாரின் மிஷினு இவ்வளவுதானா?" என்று குழுவில் யாரோ கேட்டது இந்தப் பக்கமும் கேட்டது.

முஸாஃபர் மனதுக்குள் ஃப்ளைட் தேதியை முன்னுக்கு இழுத்துப் பார்த்தான்.

ஜன்னல் வழியே ஒரு குரல் வந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவை.

"நர்கிஸு. எத்தனை டம்ளர் ஊத்துன?"

நர்கிஸ் கணவனைப் பார்த்தாள். எலக்ட்ரீசியனைப் பார்த்தாள்.

"ஒண்ணுதான் மதினி."

"ஆறு ஊத்து."

"ஆறு டம்ளர் வெந்நியை வச்சு நான் என்ன செய்ய?"

அந்தப் பக்கம் சற்று யோசனை. "டீயைப் போட்டு இங்கதான் எடுத்துட்டு வாயேன். எங்கிட்ட இஞ்சி இருக்கு."

ஆறு டம்ளர் விழுந்தது. விளக்குகள் எரிந்தன. விஜயபாண்டி ஒயரில் மீட்டரைக் கவ்வ வைத்தான். "பத்து ஆம்பியர், பாய். கணக்கு தப்பல."

அன்றைக்குப் பிறகு காலையும் மாலையும் ஜன்னல் வழியே தண்ணீர்க் கணக்கு பேசிக்கொண்டார்கள். தண்ணீரிலிருந்து குழம்புக்குப் போனார்கள். மூன்றாம் நாள் முஸாஃபரின் குறைகளுக்கு வந்து சேர்ந்தார்கள். அதில் இருவருக்கும் முழு ஒற்றுமை.

நாலாம் நாள் விஜயபாண்டி மொபெட்டின் பின்னால் கனமான பெட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"பாய், டிரான்ஸ்ஃபார்மர் கிடைச்சிருச்சு. வேற பார்ட்டிக்கு வந்தது, கேட்டு வாங்கிட்டேன். இனி அவுக அவுக தனித்தனியா போட்டுக்கலாம்."

முஸாஃபர் வாசலுக்கு ஓடி வந்து, மேல் துண்டை எடுத்துப் பெட்டியை மூடினான்.

"சத்தமா பேசாத," என்றான். "வந்த வழியே கொண்டு போயிரு."

இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறந்தன. இரண்டு கையில் இரண்டு டம்ளர். அவன் இரண்டையும் வாங்கிக்கொண்டான்.