கண்ணாடியில் தெரியும் வரை

லாரிகள் நிற்கும் திடலில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஓர் இடம்தான் மிச்சம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த டிரைவரம்மா லாரியைப் பின்னால் எடுத்தாள். ஒரு கீறல் விழுந்தாலும் முதலாளி சாவியை வாங்கிக்கொள்வார்.

டீக்கடை பெஞ்சில் இருந்த டிரைவர்கள் சிரித்தார்கள்.

"இங்க என்ன சினிமாவா ஓடுது? ஒருத்தனாவது எழுந்து வழி காட்டக் கூடாதா?" என்று திட்டியபடி மீசைக்கார டிரைவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"அண்ணே, பக்கத்து வண்டி யாரோடது?"

"என்னோடதுதான். கண்ணாடியில நான் தெரியற வரைக்கும் வாம்மா. தெரியலைன்னா நிறுத்திடு."

பாதியில் அவர் மறைந்தார். அவள் உடனே பிரேக்கை அழுத்தினாள்.

"ஏம்மா நின்னுட்டே?"

"உங்களைக் காணோமே!"

"என் வண்டிக் கண்ணாடியை மடக்கப் போனேன். நின்னே பாரு, அதான் டிரைவர்!"

கீறல் இல்லாமல் லாரி உள்ளே நின்றது. சிரித்தவர்களில் ஒருவன் அவளுக்கு இடம் விட்டு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்தான்.

"அக்கா, டீக்குச் சர்க்கரை போடலாமா?"