இரண்டு மோட்டாரும் ஒரு இடது காதும்

ஆற்றில் பயணிகள் படகு ஓட்டுகிறவருக்கு ‘இடி’ என்று பெயர் வைத்தது யாரென்று எவருக்கும் தெரியாது. பெயர் அப்படியே பொருந்திவிட்டதால் யாரும் விசாரிக்கவும் இல்லை. பக்கத்தில் நிற்கிறவரிடம் அவர் “சௌக்கியமா?” என்று கேட்டால், எதிர்க்கரையில் நிற்கிறவர் “சௌக்கியம்” என்று பதில் சொல்வார். அப்படி ஒரு குரல். சின்னவர்கள் எல்லோருக்கும் அவர் இடியண்ணன். படகின் முனையில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிற, கயிறு வீசிக் கட்டுகிற, ஏறி இறங்குகிறவர்களுக்குக் கை கொடுக்கிற அவருடைய மனைவி, எல்லோருக்கும் அண்ணி.

கல்யாணம் ஆனதிலிருந்து இருவரும் ஒரே படகில்தான் வேலை பார்க்கிறார்கள். ஆனால் படகில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பின்னால் டூ ஸ்ட்ரோக் மோட்டார் அலறும், முன்னால் அண்ணி, நடுவில் பெஞ்சு நிறைய ஜனம். அண்ணி உள்ளங்கையைக் காட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். தலைக்கு மேல் விரலைச் சுழற்றினால் ஆள் நிரம்பிவிட்டது, கிளம்பலாம். முந்தானையை உதறினால் என்னமோ கோபம், வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஊமைப்படம் மாதிரியே அவர்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை நடு ஆற்றில் மோட்டார் ஒரு இருமல் இருமிவிட்டு நின்றது. பிஸ்டன் இறுகிவிட்டது. பின்னால் வந்த மீன்காரர் படகு கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தது. படகுத்துறையை ஒட்டியே அண்ணியின் தம்பி மோட்டார் பட்டறை வைத்திருந்தார். அவர் மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

“மாமா, இது ஏற்கெனவே ரெண்டு பிறவி எடுத்தாச்சு. இனி எழுப்ப முடியாது. புதுசு போட்டுடலாம். இந்தத் தடவை ஃபோர் ஸ்ட்ரோக்.”

“எதுக்கு? தையல் மெஷின் மாதிரி ஓடுறதுக்கா?” என்றார் இடி. “வால்வு, பெல்ட்டு, ஆயில் மாத்துன்னு ஆயிரம் நச்சு. டூ ஸ்ட்ரோக்னா நடுத்தண்ணியில நின்னாக்கூட நானே கழட்டி மாட்டிடுவேன்.”

“சத்தம் குறையும்ங்க,” என்றார் அண்ணி.

“என்ன?”

“சத்தம்! குறையும்!”

“சத்தம் என்ன சத்தம்? எல்லா மோட்டாரும் கத்தத்தான் செய்யும். மச்சான், நீயும் உங்க அக்காவும் சேர்ந்து யாருக்குக் காது குத்துறீங்க?”

பட்டறை வாசலில் இதைக் கேட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தாள். அக்கரை மருத்துவமனையில் காது சோதிக்கும் வேலை அவளுக்கு. தினமும் இடியின் படகில்தான் போய்வருவாள். ஏறியதும் முனைக்குப் போய் அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொள்வாள். அக்கரை வந்ததும்தான் எடுப்பாள். அவள் சொன்னாள்: “எங்ககிட்ட சத்தம் அளக்கிற மீட்டர் ஒண்ணு இருக்குண்ணே. எடுத்துட்டு வரேன். ரெண்டு மோட்டாரையும் உங்க படகிலயே மாட்டி அளந்து பார்த்துடுவோம். எதுக்கு வாய்ச்சண்டை?”

இடிக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. ஜெயிக்கப்போவது தான்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

விடுமுறை நாள் ஒன்றில் சோதனை நடந்தது. ஓசியில் படகுச் சவாரி என்றதும் தினசரி ஆட்களில் பாதிப் பேர் வந்து ஏறிக்கொண்டார்கள். படகில் வழக்கமான பாரம் இருக்க வேண்டும் என்று மச்சான் அதற்கு ஒரு நியாயமும் சொன்னார். பட்டறையில் விற்பனைக்கு இருந்த ஒரே அளவிலான இரண்டு மோட்டார்கள். முதலில் டூ ஸ்ட்ரோக். கயிற்றை இழுத்ததும் பட்டாசுச் சரம் மாதிரி வெடித்தது. நீலப்புகை பின்பெஞ்சில் இருந்தவர்களின் மூக்கில் ஏறியது. அந்தப் பெண் மீட்டரை இடியின் காதுக்குப் பக்கத்தில் பிடித்தாள், நடுப்பெஞ்சில் பிடித்தாள், முனையில் பிடித்தாள். சும்மா நிற்கும்போதே மீட்டர் எண்பது டெசிபலைத் தொட்டது. முழு வேகத்தில் நூறை எட்டிப் பார்த்துவிட்டு வந்தது.

மோட்டாரை மாற்றி ஃபோர் ஸ்ட்ரோக்கை மாட்டினார்கள். அது கிளம்பியபோது பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துறையை விட்டு மெதுவாக நகர்ந்தபோது, படகின் வயிற்றில் தண்ணீர் மோதும் சத்தம் கேட்டது. அந்தப் படகில் அப்படி ஒரு சத்தம் இருப்பதே அதுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் இடி கைப்பிடியை முழுக்க முறுக்கியதும் நிலைமை மாறியது. இந்த மோட்டாரும் குரலை உயர்த்தியது. மீட்டர் தொண்ணூறைத் தாண்டியது.

“பாத்தீங்களா!” இடி குதிக்காத குறை. “வேகமா போனா ரெண்டும் அண்ணன் தம்பிதான்! இதுக்குத்தானா இவ்வளவு பில்டப்பு?”

“முழு வேகத்துல வித்தியாசம் கம்மிதாண்ணே, அது நிஜம்,” என்று அவளும் ஒப்புக்கொண்டாள். “நியூட்ரல்ல வச்சு ஒரு அளவு எடுத்துடுறேன். அதோட முடிஞ்சது.”

நடு ஆற்றில் படகு மிதந்தது. இடி மோட்டாரை நியூட்ரலில் விட்டுவிட்டு எழுந்து நடுப்பெஞ்சுக்கு வந்தார். மச்சானின் தோளில் ஒரு தட்டு தட்டி, வென்றவர்களுக்கே உரிய பெருந்தன்மையோடு நாலு வார்த்தை ஆறுதல் சொன்னார். பிறகு பின்னால் திரும்பியவர் நின்றுவிட்டார்.

“அட! செத்துப்போச்சு பாரு! நான் என்ன சொன்னேன்? நடுத்தண்ணியில காலை வாரிடும்னு சொன்னேனா இல்லையா?”

போய்க் கயிற்றைப் பிடித்து இழுத்தார். கயிறு எதையும் பற்றிக்கொள்ளாமல் தொளதொளவென்று கையோடு வந்தது. “உள்ள பல்லே பிடிக்கல! புது மோட்டாரு, இந்த லட்சணம்!” மறுபடி இழுத்தார். பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். இடிக்கு ஆத்திரம் வந்தது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு முழு பலத்தோடு மறுபடி இழுத்தார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் வேடிக்கை காட்டவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

அண்ணி முனையிலிருந்து எழுந்து, பெஞ்சுகளைத் தாண்டிப் பின்னால் வந்தார். கணவரின் கையிலிருந்து கயிற்றை மெதுவாக வாங்கினார். மோட்டாரின் அடியில் மெல்லிய கோடாகத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது. அதைக் காட்டினார்.

“ஓடிட்டுத்தாங்க இருக்கு. ஓடினாத்தானே இந்தத் தண்ணி வரும், பாருங்க.”

இடி உள்ளங்கையை மோட்டாரின் மூடிமேல் வைத்தார். தூங்குகிற பூனையின் வயிறு போல அது அதிர்ந்துகொண்டிருந்தது.

“இப்ப எவ்வளவு காட்டுது?” என்று கேட்டார். அந்த ஊரே முதல்முறையாக அவர் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டது.

“அறுபதுக்குக் கொஞ்சம் மேல,” என்றாள் அந்தப் பெண். பிறகு தயங்கி, அவர் முகத்துக்கு நேராக வந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: “நாம சாதாரணமா பேசிக்கிற சத்தம்ண்ணே இது.”

கரை சேர்ந்ததும் இடி நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மச்சான் வந்து எந்த மோட்டார் என்று கேட்டபோது, “எதையாவது மாட்டு” என்று கையை வீசிவிட்டார். காது கேட்காத குறை அவரை அவ்வளவாகத் தைக்கவில்லை. ஊர் சிரித்ததுகூடப் பெரிதில்லை. முணுமுணுக்காதே, முணுமுணுக்காதே என்று இத்தனை வருடம் மனைவியிடம் எரிந்து விழுந்தது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதுதான் தைத்தது. அவள் ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். இடி அவருடைய உதடுகளையே பார்த்தார்.

“நான் செவிடாம்மா?”

“செவிடுன்னு யாருங்க சொன்னா? ஒரு காதுல வாங்கி மறு காதுல விடுறீங்கன்னுதான் நான் நினைச்சிட்டிருந்தேன். வாங்கவே இல்லைன்னு இப்பத்தானே தெரியுது!” சொல்லும்போதே அண்ணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. “கிளம்புங்க. அந்தப் பொண்ணு வரச் சொல்லியிருக்கு.”

மருத்துவமனையில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஒரு சின்ன அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதுகளில் ஹெட்போன் மாட்டினார்கள். பீப் சத்தம் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். இடி கண்களை மூடிக்கொண்டு, தண்ணீருக்கடியில் கல்லைத் தேடுகிறவர் போல அந்தச் சத்தத்தைத் தேடினார். நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. மெஷின் ரிப்பேரோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தார். வெளியே அந்தப் பெண் விடாமல் எதையோ அழுத்திக்கொண்டுதான் இருந்தாள்.

பிறகு அவள் இருவரையும் உட்காரவைத்து விளக்கினாள். இரண்டு காதிலுமே கேட்கும் சக்தி குறைந்திருக்கிறது. இடது காது இன்னும் மோசம். “இடது கையாலதானே கைப்பிடியைப் பிடிச்சு ஓட்டுறீங்க? மோட்டார் அந்தப் பக்கம்தான் இருக்கு. போனது திரும்பி வராதுண்ணே, பொய் சொல்ல மாட்டேன். ஆனா மிஷின் வச்சா பேச்செல்லாம் நல்லாவே பிடிபடும். இருக்கிறதையும் காப்பாத்திக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டினாலும் வேகமா ஓட்டும்போது காதுக்கு மேல மூடி போட்டுக்கணும்.” பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். “போன்ல பேசுறதுக்குச் சிரமமா இருக்கா?”

“போனா? நான் எங்க பேசுறேன்? மக கூப்பிட்டா இவகிட்ட குடுத்துடுவேன். அவ குரல் கொசு பாடுற மாதிரி இருக்கும். ஒரு எழுத்து புரியாது.”

அண்ணி சட்டென்று நிமிர்ந்தார். “என்னங்க சொல்றீங்க? நீங்க கோபமா இருக்கீங்கன்னுல்ல அவ நினைச்சிட்டிருக்கா!”

“கோபமா? யார் மேல?”

“அவ மேல! நீங்க வேண்டாம்னு சொல்லியும் தூரத்துல வேலைக்குப் போனா இல்ல? அதனாலதான் அப்பா போனைக் கையில வாங்கினதும் என்கிட்ட தள்ளி விடுறாருன்னு ஒவ்வொரு தடவையும் அழுவா. நானும் அப்படித்தான்னு நினைச்சு, அவருக்கு ஆறட்டும்டீன்னு சமாதானம் சொல்லிட்டிருந்தேன்.”

மகள் ரயிலேறிய அன்று இடிக்குக் கோபம் இருந்தது உண்மை. அது வீடு வந்து சேர்வதற்குள் தீர்ந்துபோயிற்று. தீர்ந்ததைச் சொல்லத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

காது மிஷின் வந்த அன்று அவருக்குப் பெரிய இன்பமெல்லாம் கிடைத்துவிடவில்லை. செருப்புச் சத்தம், பாத்திரச் சத்தம், காகிதம் கசங்கும் சத்தம் எல்லாம் ஊசியாகக் குத்தின. எல்லாவற்றையும்விட மோசம் அவருடைய குரல். “நானா இப்படிக் கத்துறேன்?” என்று கத்தினார். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு, “ஆமாங்க, இப்பவாவது தெரியுதே!” என்றார். ஒரு வாரம் கழற்றுவதும் மாட்டுவதுமாகப் போராடினார். கழற்றும்போதெல்லாம் அண்ணி மேசையைத் தட்டுவார். அவர் திரும்பப் பொருத்திக்கொள்வார்.

மகள் கூப்பிட்டபோது அண்ணி சந்தைக்குப் போயிருந்தார். மணியடிப்பது இடிக்கே கேட்டது. எடுத்தார்.

“அம்மா?” என்றது போன்.

“அப்பா பேசுறேன்டா.”

அந்தப் பக்கம் மௌனம். மிஷினில் ஏதோ கோளாறென்று நினைத்து இடி அதை ஒரு தட்டு தட்டினார். இல்லை, மூக்கை உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“அப்பா… கோபம் போச்சா?”

“கோபம் என்னைக்கோ போச்சுடா. காதுதான் போயிருந்துச்சு. அது எனக்கே தெரியல.” கதை முழுவதையும் சொன்னார். ஓடிக்கொண்டிருந்த மோட்டாரைக் கிளப்பப் பார்த்த இடம் வந்ததும் மகள் அடக்க முடியாமல் சிரித்தாள். அவளுக்குச் சின்ன வயதில் இருந்த அதே விக்கல் சிரிப்பு. இடி போனை வலது காதோடு அழுத்திக்கொண்டு, வேண்டுமென்றே அந்த இடத்தை இன்னொரு முறை விஸ்தாரமாகச் சொன்னார். அண்ணி பையோடு வந்து வாசலில் நின்றது அவருக்குத் தெரியாது. அண்ணியும் தெரியப்படுத்தவில்லை.

ஃபோர் ஸ்ட்ரோக்கையே மாட்டினார்கள். துறையை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தால், அண்ணி முனையிலிருந்தபடியே வாயால் பேச ஆரம்பித்தார். முதல் நாள் பேசியது “இடப்பக்கம் கட்டை மிதக்குது, பாத்து!” என்பதுதான். நாலைந்து நாளில் சமையல், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுத் தண்ணீர்ச் சண்டை எல்லாம் வந்து சேர்ந்தன. அதையெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த பயணிகள் தீர்ப்பும் சொன்னார்கள். “இதுக்கு அந்தப் பழைய மோட்டாரே தேவலை,” என்று முணுமுணுத்த ஒரு கிழவரிடம், “கேட்டுச்சு தாத்தா, கேட்டுச்சு!” என்றார் இடி.

சும்மா இருக்கும் ஆளில்லை அவர். துறையில் மற்ற படகுக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் பின்னால் போய் நின்று, சாதாரணக் குரலில் கூப்பிட்டுப் பார்த்தார். பெரும்பாலோர் திரும்பவில்லை. மீன்காரர் மூன்று முறை கூப்பிட்ட பிறகும் வலையையே உதறிக்கொண்டிருந்தார். இடி அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, “வா, ஒரு இடத்துக்குப் போவோம்” என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் துறையின் படகுக்காரர்கள் அத்தனை பேரும் இடியின் படகில் அக்கரைக்குப் போனார்கள். காத்திருக்கும் அறையில் உட்கார்ந்து, ஆற்றின் நடுவில் பேசுவது போல ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “அமைதி” என்று எழுதிய பலகையைக் காட்டிக் காட்டி நர்சுக்குக் கை வலித்தது. மற்ற நோயாளிகள் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்கள்.

இடி மட்டும் ஒரு மூலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ஏன்யா இப்படிக் கத்துறீங்க? காது வலிக்குது!” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. எழுந்து மீன்காரரின் முன்னால் போய் நின்றார். கதவைக் காட்டினார். அந்தப் பெண் உள்ளே கண்ணாடி அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“முதல்ல நீ போ,” என்றார் இடி. “பீப்னு கேட்டா பட்டனை அமுக்கு. கேக்கலைன்னா பயப்படாத.”