விழாதவர்களின் வார்டு

அந்த மருத்துவமனையில் யார் விழுந்தாலும் முதலில் பதறுகிறவள் அவள்தான். விழுந்தவருக்கு அடிபட்டதோ இல்லையோ, அவளுக்கு அடிபட்டுவிடும். தரப்பிரிவின் பொறுப்பாளர் என்பது பதவி. முதுகுக்குப் பின்னால் எல்லோரும் வைத்திருந்த பெயர் ‘செக்லிஸ்ட் அக்கா’. அது அவளுக்கும் தெரியும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

போன வருடம் முதியோர் வார்டில் ஓர் அம்மாள் பாத்ரூமுக்குத் தனியாக எழுந்து போனவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவருடைய மகன் வராந்தாவில் நின்று கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கும் அவளிடம் பதில் இல்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஒரு விதி எழுதினாள். வயதானவர்கள், கால் தள்ளாடுகிறவர்கள் எல்லோருக்கும் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை. பட்டை கட்டியவரை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளாமல் கட்டிலைவிட்டு இறக்கக் கூடாது. யாராவது தரைக்கு வந்துவிட்டால், வழுக்கினாலும் சரி, பிடித்தவர் கையிலேயே சரிந்தாலும் சரி, அது விழுந்த கணக்குதான். உடனே மேலே தெரிவிக்க வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் இரண்டு பேர் வேண்டும் என்று எழுதினாளே தவிர, அந்த இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள் என்று எழுதவில்லை. வார்டில் ஒரு நர்ஸ் மருந்து வண்டியோடு இருந்தால் இன்னொருத்தி ஊசியோடு இருப்பாள். மூச்சுவிட நேரமில்லாதவர்கள் ஒரு தாத்தாவைக் கைபிடித்து நடக்கவைக்க நேரத்துக்கு எங்கே போவார்கள்? ஆகவே அங்கே ஒருவரும் எழவில்லை, ஒன்றுக்கு இரண்டுக்குக்கூடக் கட்டிலிலேயே பாத்திரம் வைத்தார்கள். எழாதவர் எப்படி விழுவார்? வார்டு வாசலில் ஒரு பலகை, அதில் ‘இந்த மாதம் விழுந்தவர் எவருமில்லை’ என்று பச்சை எழுத்து. மாதம் மாறினாலும் எழுத்து மாறவில்லை. இயக்குநர் அவளைக் கூப்பிட்டுக் கைகொடுத்தார். இதில் சாமர்த்தியம் என்ன இருக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பச்சை எழுத்தைப் பார்த்தால் மனிதர்களுக்குக் கேள்வி வருவதில்லை.

அந்த வார்டுக்குத்தான் அவளுடைய அப்பா வந்து சேர்ந்தார். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தே அவளைப் படிக்கவைத்தவர். பாதி வாழ்க்கை ஏணிமேல்தான் போனது, ஒரு தடவைகூட விழுந்ததில்லை. இப்போதும் மகள் வீட்டு மூன்றாவது மாடியிலிருந்து தினமும் காலையில் இறங்கிப் போய்ப் பால் வாங்கிவருவார். லிஃப்ட் கிடையாது. தெருவில் எந்தச் சுவரை எவன் அரைகுறையாக அடித்திருக்கிறான் என்று குற்றம் கண்டுபிடித்துவிட்டுத்தான் திரும்பி ஏறுவார். மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம், “இதுல யார் உக்காரணும், நீங்களா?” என்று கேட்டுவிட்டு வார்டுவரை நடந்தே வந்தார்.

நர்ஸ் மஞ்சள் பட்டையை எடுத்தாள். “கையை நீட்டுங்க தாத்தா.”

“என்னம்மா, பரிசா?”

“இதைப் போட்டுக்கிட்டா நீங்களா கீழ இறங்கக் கூடாது.”

“அப்ப தண்டனைன்னு சொல்லு.”

வார்டே சிரித்தது. மகளும் சிரித்தாள். பிறகு குனிந்து மெதுவாகச் சொன்னாள். “அப்பா, தரச்சான்று கொடுக்கிறதுக்கு ஆய்வுக்கு வர்றாங்க. நீங்க யாருன்னு வார்டு சிஸ்டருக்கு மட்டும்தான் தெரியும். வேற யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க. சலுகை காட்டறேன்னு பேச்சு வரும்.”

“சரிங்க மேடம்” என்றார் அவர், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

மறுநாள் கட்டிலுக்கு அடியில் அவருடைய செருப்பைப் பார்த்தாள். அடி தேய்ந்திருந்தது. தேய்ந்த செருப்பு வழுக்கும் என்று அவளுடைய செக்லிஸ்டிலேயே இருக்கிறது. பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள்.

ஆய்வுக்கு முந்தைய வாரங்களில் அவள் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடினாள். அப்பாவை எட்டிப் பார்ப்பதே பெரிய காரியம். வந்ததும் கட்டிலின் தடுப்புக் கம்பி ஏறியிருக்கிறதா என்று பார்ப்பாள், பட்டை இருக்கிறதா என்று பார்ப்பாள். அப்பாவின் முகத்தை மூன்றாவதாகப் பார்ப்பாள்.

“பாப்பா, அந்த ஜன்னல்வரைக்கும் போய்ட்டு வரட்டுமா? எதிர் கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிக்கிறாங்களாம். ரோலரை எப்படிப் பிடிக்கிறான்னு பாக்கணும்.”

“ஆய்வு முடியட்டும்பா.”

இன்னொரு நாள், “கால் ரெண்டும் என்னுது மாதிரியே இல்ல பாப்பா” என்றார்.

“படுத்துக்கிட்டே ஆட்டுங்க, சரியாயிடும்.”

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. காய்ச்சல் விட்டது, பேச்சும் குறைந்தது. குணமாகி வருகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னபோதுகூட, ஆய்வு முடிந்ததும் நானே கூட்டிப் போகிறேன் என்று தள்ளிப்போட்டாள். பகலில் வீட்டில் ஆள் இல்லை என்பது ஒரு காரணம். சொல்லக் கூசும் காரணம் இன்னொன்று. ஆய்வாளர்கள் வார்டுக்கு வரும்போது கலகலவென்று பேசுகிற, நாலு நல்ல வார்த்தை சொல்கிற நோயாளி ஒருவர் இருந்தால் நல்லது என்று அவள் நினைத்தாள். அப்படியே நினைத்தாள், அப்பாவைப் பற்றி.

ஆய்வுக் குழுவின் தலைவர் ஒரு நடுத்தர வயது அம்மாள். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் கண்கொத்திப் பாம்பு. வார்டில் ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் அப்பாவின் கட்டிலருகே நின்றார்.

“இங்க வந்த பிறகு எப்பவாவது விழுந்தீங்களா பெரியவரே?”

“விழறதா? இங்க விழணும்னா மேலிடத்துல அனுமதி வாங்கணுங்க.”

ஆய்வாளர் சிரித்துவிட்டார். “நல்லாப் பாத்துக்கறாங்களா?”

“உள்ளங்கையில வெச்சுத் தாங்கறாங்க. இந்த விதியெல்லாம் எழுதினவங்க ரொம்ப அக்கறையானவங்களா இருக்கணும்.” சொல்லும்போது அவர் மகள் பக்கம் திரும்பவே இல்லை.

அந்த நேரத்தில் அவளுக்குப் பெருமைதான் வந்தது. பின்னால் அந்தப் பெருமையை நினைத்தபோதுதான் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

மதியத்துக்குமேல் ஆய்வாளர்கள் கூட்ட அறையில் உட்கார்ந்து முடிவறிக்கை எழுதத் தொடங்கினார்கள். இனி பயமில்லை என்று அவள் செருப்புப் பையோடு வார்டுக்கு வந்தாள். திரையை இழுத்துவிட்டு, தடுப்புக் கம்பியை இறக்கி, “கிளம்பலாம்பா” என்றாள். அவர் போர்வையை விலக்கினார். கால்களை அப்போதுதான் பார்த்தாள். தொடைச் சதை முழுக்க வற்றியிருந்தது. தூக்கிக் கீழே வைக்க அவருக்குக் கையின் உதவி வேண்டியிருந்தது. செருப்பை மாட்டிவிட்டாள். கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நின்றவர் ஓர் அடி வைத்தார். முழங்கால்கள் மடிந்தன.

அவள் அக்குளுக்குள் கைகொடுத்துத் தாங்கினாள். வார்டு சிஸ்டர் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தாள். விதியில் சொன்னபடியே இரண்டு பக்கமும் இரண்டு பேர். அந்த வார்டில் அப்படி அமைந்தது அதுதான் முதல் முறையாக இருக்கும். இருந்தும் நிறுத்த முடியவில்லை. அவர் மெல்ல மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

“விழல பாப்பா, உக்காந்தேன்” என்றார் முதல் வேலையாக. “சிஸ்டர், எழுதிடாதீங்க.”

“அப்பா, வலிக்குதா?”

“வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நர்ஸுங்க பேசிக்கிறது எனக்குக் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. ஆய்வு முடியறவரைக்கும் ஒருத்தரும் விழக் கூடாது, மேடத்துக்குக் கெட்ட பேர் வந்துடும்னு. அதான் நான் அப்புறம் எழுந்திருக்கணும்னே கேக்கல.”

அவள் தரையிலேயே அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணிப்படியில் நின்று நின்று தேய்ந்த பாதம், அதில் செருப்பு லொடலொடவென்று கிடந்தது.

“திரை போட்டிருக்கு மேடம், யாரும் பாக்கல. என்ன பண்ணட்டும்?” என்றாள் சிஸ்டர், காதும் காதும் வைத்தாற்போல.

உட்கார்ந்தார் என்று சொன்னால் என்ன கெட்டுப்போயிற்று என்று ஒரு நிமிடம் அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. அவரே அப்படித்தானே சொல்கிறார். அப்படித் தோன்றியதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எழுந்து கூட்ட அறைக்குப் போனாள்.

“காலையில நீங்க பேசினீங்களே, அந்தப் பெரியவர். இப்ப விழுந்துட்டார்.”

ஆய்வாளர்களோடு உட்கார்ந்திருந்த இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “அடி பட்டுச்சா?”

“இல்ல. எங்க கையிலதான் சரிஞ்சார். யாரும் பாக்கல. ஆனா எங்க விதிப்படி அது விழுந்ததுதான்.”

ஆய்வாளர் இயக்குநரைப் பார்த்தார். “அறிக்கை முடியற நேரத்துல, யாருக்கும் தெரியாத ஒண்ணைத் தானா வந்து சொல்றாங்க. இந்த நேர்மையைத்தான் நாங்க தேடறோம். இதைப் பாராட்டியே எழுதப் போறேன்.” இயக்குநருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவரும் தலையை ஆட்டிப் புன்னகைத்தார்.

பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது அவளுக்கு.

“அவர் எங்க அப்பா” என்றாள். “இங்க வரும்போது நடந்து வந்தார். நான் நடக்க விடல. இந்த வார்டுல யாரையுமே நடக்க விடல. அதனாலதான் யாரும் விழல. அதை எழுதுங்க.”

ஆய்வாளர் படிவத்தின் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டினார். உண்மையாகவே தேடினார். பிறகு, “இதுக்கு இதுல இடம் இல்லம்மா” என்றார். “விழுந்தாங்களான்னு கேட்டிருக்கோம். நடந்தாங்களான்னு கேக்கல.”

பிசியோதெரபி பார்க்கிறவர் வந்து கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பயிற்சி கொடுத்தால் பலம் திரும்பலாம், இந்த வயதில் திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மருத்துவமனை ஊழியர்கள் இரண்டு பேர் அப்பாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்கள். அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். இரண்டாவது மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். “என்ன பெரியவரே, ராஜ மரியாதையா இருக்கு.” மற்ற நாளாக இருந்தால் அப்பா பேச்சுக்குப் பேச்சு கொடுத்திருப்பார். இன்றைக்கு மஞ்சள் பட்டை இருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். பட்டையை வெட்டிவிடக்கூட அவளுக்கு நினைவில்லாமல் போயிருந்தது.

“எவ்வளவு மார்க் குறைச்சாங்க பாப்பா?”

“குறைக்கலப்பா. பாராட்டி எழுதியிருக்காங்க.”

“பாத்தியா” என்றார் அவர். குரலில் நிஜமான சந்தோஷம். “நான்தான் சொன்னேன்ல, அது உக்காந்ததுதான்னு.”

தூக்கிவந்தவர்கள் மூன்றாவது மாடியில் நாற்காலியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்கள். அப்பா திரும்பி, தான் தினமும் ஏறி இறங்கிய படிகளைக் கீழேவரை பார்த்தார்.

“நாளைக்குப் பால் யார் வாங்குவா?” என்று கேட்டார்.

அவள் குனிந்து, கதவோரம் அவர் வழக்கமாக விடுகிற இடத்தில் செருப்பை வைத்தாள்.